இல்லாமை அறமாகுமா?

2023 ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், எமது குடியிருப்பின் பொதுமண்டபத்தில், நாங்கள் இருவரும் கைதட்டு வாங்கினோம். புகலிடம் தேடி வந்தபிறகு டெனிஷ்காரர் எங்களுக்காகக் கைதட்டியது அதுதான் முதற்தடவை. அந்தக் கைதட்டு எதற்குக் கிடைத்தது, அதற்குப் பின் அரைமணித்தியாலத்துக்குள் நாங்கள் செய்தது என்ன என்பதைச் சொல்லாமல் தலைப்பில் உள்ள கேள்விக்கு வரமுடியாது. கதையைச் சொல்லிவிட்டே விவாதத்துக்குப் போகிறோம். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் இருவரும் மேற்கு யூலண்டின் சிறுநகரம் ஒன்றில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள். ஒரே றெஸ்ரோறன்ட் குசினியில் வேலை. ஒருவர் கோப்பை கழுவுவார், மற்றவர் மரக்கறி வெட்டுவார். ஆள் குறைந்த நாட்களில் இருவரும் இரண்டையும் செய்வோம். இருவருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டப்பட்ட காலத்தில் நின்றது என்றால் ஊரில் இருந்தவர்களுக்கு மிச்சம் விளங்கும்.

டென்மார்க்கில் 1911 இல் தொடங்கிய இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு இளவேனிலிலும் நாடு முழுவதும் குப்பை பொறுக்கும் நாள் ஒன்றை அது நடத்துகிறது. பள்ளிப் பிள்ளைகள், ஓய்வூதியக்காரர், நாய் வளர்ப்போர் எல்லோரும் கையுறை போட்டுக்கொண்டு தெருவோரப் பற்றைகளுக்குள் இறங்குவார்கள். அந்த வருடம் எமது குடியிருப்பிலும் நடந்தது. நாங்களும் போனோம். சிகரட் அடிக்கட்டைகளும் பியர்ப் பேணிகளும்தான் அதிகம். வெறும் பியர்ப் பேணியைக் கடை இயந்திரத்தில் போட்டால் ஒரு குரோண் திரும்பக் கிடைக்கும். அகதிமுகாமில் இருந்த நாட்களில் இதே பேணிகளை இதே பற்றைகளுக்குள் நாங்கள் பொறுக்கியதுண்டு. அப்போது அதற்குச் சூழல் விழிப்புணர்வு என்று பெயர் இருக்கவில்லை. ஆட்கள் பார்க்கிறார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துத்தான் பொறுக்கினோம்.

பொறுக்கி முடிந்ததும் மண்டபத்தில் கோப்பியும் கேக்கும். அதன்பின் குடியிருப்பாளர் கூட்டம், பொருள் நிலைபேறு. டென்மார்க்கின் பொதுநல வாடகைக் குடியிருப்புகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வாடகைக்கு இருப்பவர்களே கூடி வரவுசெலவைத் தீர்மானிப்பார்கள். சலவை அறைக்குப் புது இயந்திரம் வாங்குவதா, கூரையில் சூரியத்தகடு போடுவதா, குப்பைத்தொட்டிகளை எங்கே வைப்பதா, எல்லாம் அங்கேதான் முடிவாகும். வீட்டுக்கு இரண்டு வாக்கு. எத்தனை பேர் இருந்தாலும், என்ன கடவுச்சீட்டு வைத்திருந்தாலும், இரண்டுதான். இவ்வளவு உரிமை இருந்தும் நாங்கள் அதுவரை ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. கூட்டங்கள் கிழமை நாட்களில் இரவு ஏழு மணிக்கு நடக்கும். ஏழு மணிக்கு எங்கள் கைகள் சவர்க்காரத் தண்ணீருக்குள் இருக்கும். அன்றைக்குக் குப்பை பொறுக்கும் நாளோடு சேர்த்துப் பகலில் வைத்தபடியால் போகமுடிந்தது. எங்களுக்கு வேலை பின்னேரம் நாலு மணிக்கு. வாசலில் ஆளுக்கொரு மஞ்சள் அட்டை தந்தார்கள்.

முதல்நாள் இரவு மூன்றாம் மாடி அன்ரி படியில் நின்று சொன்னார்: "தம்பியவை, கூட்டத்தில என்ர துண்டைப் பற்றி ஏதும் கதை வந்தால் பார்த்துக் கதையுங்கோ. அவை கதைக்கிற வேகம் எனக்குப் பிடிபடாது. நாளைக்கு நான் ஹேர்னிங் கோயிலுக்குப் போறன்." துண்டு என்று அவர் சொன்னது தோட்டத்துண்டை. கட்டிடங்களுக்குப் பின்னால், ரயில்பாதைப் பக்கமாகப் பன்னிரண்டு துண்டுகள் இருந்தன. அன்ரியுடையது அதில் ஒன்று. லீக்ஸ், உருளைக்கிழங்கு, வெந்தயம், கொத்தமல்லி, பொலித்தீன் கூடாரத்துக்குள் பச்சைமிளகாய். மாமா உயிரோடு இருக்கும்போதே கொத்தத் தொடங்கிய நிலம். பொஸ்னியக் குடும்பம், வியட்நாம் கிழவர், குர்திஷ் பெண்கள் இருவர் என்று மற்றத் துண்டுக்காரரும் பெரும்பாலும் எங்களைப் போல வந்தவர்கள்தான்.

கூட்டத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. நல்ல மனிசி. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறோம், ஏனெனில் இது அவருக்கு எதிரான கட்டுரை அல்ல. முந்திய குளிர்காலம் பற்றி அவர் பேசினார். உக்ரேன் யுத்தத்தால் எரிவாயு விலை ஏறி, 2022 ஒக்டோபரிலிருந்து அரசாங்கக் கட்டிடங்களில் வெப்பத்தை 19 பாகைக்கு இறக்கிய குளிர்காலம் அது. வீட்டில் கம்பளிக்காலுறை போட்டுக்கொண்டு இருந்த கதைகளை ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அப்போது ஆசிரியை எங்கள் பக்கம் திரும்பி, "உங்கள் நாட்டில் எரிபொருளே இல்லாமல் வருடக்கணக்காக வாழ்ந்தீர்களாமே, அதைச் சொல்லுங்கள்" என்றார்.

சொன்னோம். 1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியபோது எங்களுக்கு மூன்றும் நாலும் வயது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, பசளை எல்லாம் யாழ்ப்பாணத்துக்குத் தடை. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப் வால்வுக்குள் திரியைக் கோர்த்து எரித்த விளக்கைப் பற்றிச் சொன்னோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டதைச் சொன்னோம். பனம்பழம் பிசைந்து உடுப்புத் தோய்த்ததையும், ஒரு சொட்டுப் பெற்றோலில் உசுப்பி மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களையும் சொன்னோம். எமது டெனிஷ் அன்றைக்கு ஏனோ தடக்காமல் ஓடியது. முடிந்ததும் கைதட்டினார்கள். "நீங்கள் 2050 இல் ஏற்கனவே வாழ்ந்துவிட்டு வந்திருக்கிறீர்கள்" என்றார் ஆசிரியை. எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம்.

பிறகு தீர்மானம் வந்தது. தேனீக்களுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் இடம் கொடுக்க, பன்னிரண்டு தோட்டத்துண்டுகளில் ஒன்பதை எடுத்து விட்டு அங்கே காட்டுப்பூப் புல்வெளி போடுவது. இதுவும் பிழையான யோசனை என்று சொல்லமாட்டோம். டென்மார்க்கின் நிலத்தில் ஏறத்தாழ 60 வீதம் உழவுக்குப் போய்விட்டது. ஐரோப்பாவில் இவ்வளவு இறுக்கமாகப் பயிரிடப்பட்ட நாடுகள் குறைவு. தேனீக்கு இடமில்லை என்பது உண்மை. கார்த் தரிப்பிடத்தில் ஒரு வரிசையை எடுக்கலாமே என்று பின்வரிசையில் ஒரு பெடியன் கேட்டான். அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. கார் வைத்திருப்பவர்கள் மண்டபத்துக்குள் இருந்தார்கள். துண்டு வைத்திருப்பவர்களில் இருவரைத் தவிர மற்றவர்கள் இல்லை.

ஆசிரியை எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாங்கள் மஞ்சள் அட்டையைத் தூக்கினோம். இரண்டு பேரும். 24 க்கு 22. தீர்மானம் நிறைவேறியது. எங்கள் இரண்டு அட்டைகளும் மற்றப் பக்கம் எழுந்திருந்தால் 22 க்கு 24.

மொழி விளங்கவில்லை என்று அன்றிரவு குசினியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். பொய். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

இனிக் கேள்விக்கு வருவோம். அன்று கைதட்டப்பட்டது எமது எந்தக் குணத்துக்கு? நாங்கள் குறைவாக எரித்தோம், குறைவாக உண்டோம், ஒன்றையும் எறியவில்லை. உண்மை. ஆனால் அதில் நாங்கள் செய்தது என்ன? எரிக்க எண்ணெய் இருந்து எரிக்காமல் விட்டோமா?

வள்ளுவர் துறவையும் நல்குரவையும் தனித்தனி அதிகாரங்களில் வைத்தார். அதுமட்டுமல்ல, துறவு 35 ஆவது அதிகாரமாக அறத்துப்பாலில் இருக்கிறது. நல்குரவு 105 ஆவதாகப் பொருட்பாலில், உழவுக்கும் இரவுக்கும் நடுவில் இருக்கிறது. இருவருடைய கையும் வெறுங்கைதான். ஒருவன் விட்டவன், மற்றவனுக்குக் கிடைக்காமல் போனது. வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எமது காலத்துப் பொருளியலாளர் அமர்த்தியா சென் இதையே உபவாசம் இருப்பவரையும் பட்டினி கிடப்பவரையும் வைத்து விளக்குவார். இரு வயிறும் ஒரேயளவு காலி. ஆனால் ஒருவருக்குச் சாப்பிடுவதற்கான தெரிவு இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. எமது ஜாம் போத்தல் விளக்கு பட்டினியின் பக்கத்தைச் சேர்ந்தது. அதை உபவாசமாக்கி மேடையேற்றியதற்குத்தான் கைதட்டு.

இதை மறுப்பவர்கள் எம்மவரிடையே உண்டு. இல்லாமை ஒரு பள்ளிக்கூடம், அதில் படித்தவன் பிறகு வீணாக்கமாட்டான் என்பார்கள். கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் நாங்கள் குசினியில் நிற்பவர்கள். எங்கள் கண்ணுக்கு முன்னால் இருப்பது வேறு. இரவு பத்தரைக்கு பூஃபே மேசையிலிருந்து தட்டங்கள் உள்ளே வரும். கைபடாத சோறு, கோழி, பொரித்த மரக்கறி. அவற்றைப் பச்சைத் தொட்டிக்குள் வழித்துக் கொட்டுவது பஞ்சு நனையுமளவுக்கு எண்ணெய் விட்டு வளர்ந்த இதே கைகள்தான். முதல் மாதம் வயிறு எரிந்தது. மூன்றாம் மாதம் எரியவில்லை. உணவு வீணாவதைப் பற்றிய விழிப்புணர்வு நாளாக செப்டெம்பர் 29 ஐ ஐக்கிய நாடுகள் சபை 2019 இல் அறிவித்தது. அந்த நாளில் எமது குசினிச் சுவரிலும் ஒரு படம் ஒட்டப்பட்டது. அன்றிரவும் வழித்துக் கொட்டினோம், படத்துக்குக் கீழே நின்று. 2022 ஆம் ஆண்டில் உலகத்தில் வீணான உணவு 105 கோடி தொன் என்றும், அதில் 29 கோடி தொன் உணவகம் போன்ற இடங்களிலிருந்து வந்தது என்றும் ஐ.நா. சூழல் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. கோடியில் சொன்னால் மனதில் படாது. எங்களுக்குத் தெரிந்த அளவு ஒரு தொட்டி, இரவுக்கு ஒருமுறை.

வீட்டுக்கு வெளியே பாருங்கள். இங்கே எம்மவருடைய சாமத்தியவீடுகளுக்குப் போனவர்கள் சொல்லட்டும். இருநூறு பேருக்கு நானூறு பேரின் சாப்பாடு. ஒருநாள் பாவித்து எறியும் தட்டு, கோப்பை, கரண்டி, மேசைவிரிப்பு. ஒரே நாளில் மூன்று சேலை மாற்றம். தடைக்காலத்தில் வளர்ந்த தலைமுறைதான் இதை நடத்துகிறது. பசி கிடந்தவன் பந்தியில் அளவு பார்ப்பதில்லை என்பதை நாங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. எங்களுக்கும் அந்தப் பசி உண்டு. ஆனால் பள்ளிக்கூடக் கதை மட்டும் இனி வேண்டாம்.

ஊரிலும் அப்படித்தான். விளக்குக்கு எண்ணெய் மிச்சம் பிடித்த அதே வருடங்களில் பனைகள் வரிசை வரிசையாகத் தறிக்கப்பட்டன, பங்கர் மூடுவதற்கு. எல்லாத் தரப்பும் தறித்தது. எங்கள் வீட்டு வளவிலும் தறித்தோம், அம்மாவும் பிள்ளைகளும் உள்ளே இருக்கவேண்டுமே. ஒரு பனை முற்றப் பல பத்தாண்டுகள் வேண்டும். குறைவாக எரித்தோம் என்பதைப் பெருமையாகச் சொல்லும்போது இதையும் சொல்லியிருக்க வேண்டும். அன்று மண்டபத்தில் சொல்லவில்லை. கதை அழகாக ஓடிக்கொண்டிருந்தது, அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

அப்படியானால் கட்டாயத்திலிருந்து அறம் பிறக்கவே பிறக்காதா? இங்கேதான் டென்மார்க்கின் கதை எங்களை யோசிக்க வைத்தது. அன்று எங்களுக்குப் பிறகு எழும்பிப் பேசியவர் ஒரு கிழவர். 1973 ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடி. அந்நாளில் டென்மார்க்கின் எரிசக்தியில் பத்தில் ஒன்பது பங்கு இறக்குமதி எண்ணெய். நவம்பர் 25 தொடக்கம், குளிர்காலம் முடியும்வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடத் தடை. கடைகளின் விளம்பர வெளிச்சம் அணைந்தது. கிழவர் அப்போது சின்னப்பெடியன். நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓடியதைக் கண் மின்னச் சொன்னார். அவர்களுக்கு அது பொன்னான நினைவு. எங்களுடைய விளக்கு எங்களுக்கு அப்படி இல்லை. இருட்டில் அம்மா காதைக் கொடுத்துப் பொம்பர் வருகிறதா என்று கேட்டபடி இருந்த முகம்தான் அதோடு வருகிறது.

இரண்டும் தடைதான். எங்கே வேறுபடுகிறது? அவர்களுடைய தடையை அவர்கள் தெரிந்தெடுத்த பாராளுமன்றம் போட்டது. காரணம் சொல்லிப் போட்டது. வைத்தியருக்கும் அவசர வேலைக்கும் விலக்கு வைத்தது. 1974 பெப்ரவரியில் எடுத்தும் விட்டது. அதற்குப் பிறகு, இனி எண்ணெய்க்காக யாரிடமும் கைகட்டி நிற்பதில்லை என்றால் வேறு என்ன வழி என்று நாடு முழுவதும் கூட்டம் போட்டுச் சண்டைபிடித்தது. அரசாங்கமும் மின்சாரக் கம்பனிகளும் அணுசக்தி என்றன. 1974 இல் அணுசக்திக்கு எதிரான இயக்கம் தொடங்கியது. எமது ஊரிலிருந்து தூரமில்லாத உல்வ்போவில், துவின் பள்ளிக்கூடத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும் தொண்டர்களும் 1975 தொடக்கம் 1978 வரை தங்கள் கையாலேயே ஒரு காற்றாலையைக் கட்டினார்கள். அன்றைக்கு உலகத்திலேயே பெரியது. ஓய்வுநாளில் சைக்கிளில் போய் அதை நாங்கள் பார்த்திருக்கிறோம், இன்றும் சுற்றுகிறது. அணுசக்தி வேண்டாம் என்று 1985 இல் பாராளுமன்றம் முடிவெடுத்தது. 1997 இல் சம்சோ தீவு, முழுக்கப் புதுப்பிக்கத்தக்க சக்தியில் வாழ்ந்து காட்டத் தெரிவானபோதும், கிராமம் கிராமமாகக் கூட்டம் போட்டு, காற்றாலையில் ஊராருக்கே பங்கு கொடுத்துத்தான் அது நடந்தது. கட்டாயம் வந்தது, உண்மை. ஆனால் கட்டாயத்துக்கும் காற்றாலைக்கும் நடுவில் பன்னிரண்டு வருடக் கூட்டங்கள், வாக்குவாதங்கள், கோப்பி. அறம் என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான் எங்கோ இருந்திருக்க வேண்டும், அணைந்த விளம்பர வெளிச்சத்தில் அல்ல.

எங்களுக்குக் கூட்டம் இருக்கவில்லை. கொழும்பிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. ஊரில் அதிகாரம் வைத்திருந்தவர்களும் மக்களைக் கூப்பிட்டுக் கேட்கும் வழக்கம் உள்ளவர்களாக இருக்கவில்லை. ஒரு சின்ன விஷயம்: டென்மார்க்கின் 2020 ஆம் ஆண்டுக் காலநிலைச் சட்டம், 2030 இல் வாயு வெளியேற்றத்தை 70 வீதம் குறைக்க வேண்டும் என்கிறது. எந்த ஆண்டோடு ஒப்பிட்டு? 1990. இவர்கள் தங்கள் குறைப்பை அளக்கத் தொடங்கும் ஆண்டில்தான் எங்களுக்கு எல்லாம் குறைக்கப்பட்டது. அதை யாரும் அளக்கவில்லை.

கூட்டம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு எமது சுன்னாகம் போதும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிற்கும் மழைத்தண்ணீர்தான் குடிப்பதற்கும் தோட்டத்துக்கும். யுத்தம் முடிந்தபின், சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. எண்ணெய்க்கு ஏங்கியிருந்த ஊரில், எண்ணெய் கிணற்றுக்குள் வந்தது. கழிவு எங்கே போகிறது என்று அயலவர்களிடம் யாரும் முதலில் சொல்லவில்லை, கேட்கவுமில்லை. சனம் தெருவுக்கு வந்து குந்தியிருந்தது. வழக்கு உயர்நீதிமன்றம் போய், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையின்படி 2 கோடி ரூபா நட்டஈடு கட்டும்படி 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. கொழும்பில் வந்த அந்தத் தீர்ப்பைப் பெரிதாக மதிக்கிறோம். ஆனால் கிணறு நாறிய பிறகுதான் அது வந்தது.

இதைத் தடுக்கத்தான் 1998 ஜூன் 25 இல் டென்மார்க்கின் ஓகூஸில் ஐரோப்பிய நாடுகள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. சூழல் பற்றிய தகவலைப் பெறும் உரிமை, முடிவில் பங்குபற்றும் உரிமை, நீதிமன்றம் போகும் உரிமை, இந்த மூன்றையும் அது பொதுமக்களுக்குக் கொடுக்கிறது. குடியுரிமை, தேசியம், வசிப்பிடம் எதையும் வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. அதாவது எங்களைப் போன்றவர்களையும் நினைத்துத்தான் எழுதினார்கள். அது இருந்தும், 2009 டிசம்பரில் கோப்பன்ஹேகனில் கூடிய உலகக் காலநிலை மாநாட்டில், சில பெரிய நாடுகளின் தலைவர்கள் ஓர் அறைக்குள் இருந்து எழுதிய தாளை மற்றவர்களுக்கு நீட்டினார்கள். கடலுக்குள் போகப்போகும் துவாலு எழும்பி மறுத்தது. அந்த ஆண்டை நாங்கள் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருப்பவர்கள். ஆனாலும் அறைக்கு வெளியே நிற்பது என்றால் என்ன என்பது எங்களுக்கு விளங்கியது. விட்டுக்கொடுக்கும் பங்கு எப்போதும் அறைக்குள் இல்லாதவனுக்கே எழுதப்படுகிறது. தேனீக்காகக் கார் வரிசை போகவில்லை, அன்ரியின் வெந்தயம் போனது.

ஆனால் இந்தமுறை நாங்கள் அறைக்குள் இருந்தோம். இதைத்தான் எங்களால் தாண்டிப்போக முடியவில்லை.

எங்களுக்குள் சொல்லிப்பார்த்த நியாயங்களையும் எழுதிவிடுகிறோம். ஒன்று, நாங்கள் அகதிகள், முகம் முறிக்க முடியாது. 2019 இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, அகதிக்குக் கொடுக்கும் அனுமதி ஊர் திரும்பும்வரையான தற்காலிக அனுமதி என்பதை இந்த அரசு ஒளிக்காமலே சொல்கிறது. எமது அட்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. இரண்டு வருட மனிதரிடம் 2050 ஐப் பற்றி ஏன் கேட்கிறார்கள், இது அவர்களுடைய நிலம், அவர்களுடைய தேனீ, எப்படியும் போகட்டும் என்று ஒரு எண்ணம். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. இருக்க விடுவார்களா என்று தெரியாத வீட்டின் கூரையைப் பற்றி ஒருவன் எவ்வளவுக்குக் கவலைப்படுவான்? ஆனால் அன்ரியின் அனுமதி இரண்டு வருடமல்ல. அவர் முப்பத்தைந்து வருடமாக இங்கே இருக்கிறார், அதில் பாதிக்கு மேல் அந்தத் துண்டில் குனிந்து நின்றிருக்கிறார். எங்கள் அனுமதியின் காலத்தைக் காட்டி அவருடைய நிலத்தைக் கொடுக்க எங்களுக்கு யார் அதிகாரம் தந்தது?

இரண்டாவது நியாயம், தேனீ உண்மையிலேயே முக்கியம். முக்கியம்தான். ஆனால் அட்டையைத் தூக்கிய கணத்தில் தேனீ எங்கள் நினைவில் இருக்கவில்லை. ஆசிரியையின் சிரிப்புத்தான் இருந்தது. நாங்கள் தெரிந்தெடுக்காத ஒரு வாழ்க்கைக்காக எங்களைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ் குறையக்கூடாது என்பதற்காக, தெரிந்தெடுக்கக்கூடிய ஒரேயொரு விஷயத்தில் நாங்கள் தெரிந்தெடுக்காமல் விட்டோம். ஊரில் எங்கள் கையில் எதுவும் இருக்கவில்லை. இங்கே ஆளுக்கொரு மஞ்சள் அட்டை இருந்தது.

அன்றிலிருந்து கைதட்டைப் பற்றி எங்களுக்கு ஒரு பயம் பிடித்திருக்கிறது. நகரசபையின் பசுமை நாள், பன்னாட்டு உணவு நாள் என்று கூப்பிடும்போது ரோல்ஸும் கடலைவடையும் செய்துகொண்டு போகிறோம். நல்ல சனம், ஆசையாகச் சாப்பிடுவார்கள். "உங்கள் மக்கள் எவ்வளவு சிக்கனம்" என்று யாராவது தொடங்கினால் இப்போது பனை தறித்த கதையையும் சேர்த்துச் சொல்கிறோம். கேட்பவர் முகம் கொஞ்சம் மாறும். வடை அதனால் மிஞ்சுவதில்லை.

அந்த இலையுதிர்காலத்திலேயே துண்டுகளை உழுது விட்டார்கள். புல்வெளி அடுத்த வருடம் பூத்தது. ஊதாவும் சிவப்பும் வெள்ளையுமாக, பொய் சொல்லக்கூடாது, வடிவுதான். தேனீயும் வந்தது. குர்திஷ் பெண்கள் வேறு ஊருக்கு மாறிவிட்டார்கள். அன்ரி பல்கனியில் ஐந்து வாளிகளில் மிளகாய் வைத்திருக்கிறார். வடக்குப் பார்த்த பல்கனி, வெயில் போதாது, காய் சிறுத்துப்போய்த்தான் வருகிறது. அதிலும் ஒரு கைப்பிடி எங்களுக்குத் தருவார்.

கூட்டத்துக்குப் பிறகு அவர் கேட்டபோது, "தோத்துப்போச்சு அன்ரி, இரண்டு வாக்கால" என்றோம். "நீங்கள் இரண்டு பேரும் நிண்டனீங்கள்தானே, அதுவே காணும்" என்றார். நாங்கள் மேலே ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மகள் இந்தச் சஞ்சிகையின் சந்தாதாரர். அன்ரிக்குக் கண் பார்வை குறைவு, மகள்தான் பின்னேரங்களில் வாசித்துக் காட்டுவது.